காலையில் ஒரு கீச், தெருவில் ஒரு கிரீச்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 2008 மாடல் பெட்ரோல் கார், 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கீச்சென்று ஒரு சத்தம், அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. மழை நாளில் அதிகம். ஏசி போட்டால் மறுபடி ஒரு நொடி எட்டிப் பார்க்கிறது. மூன்று மாதம் முன்பு ஒரு மெக்கானிக் பெல்ட் மாற்றினார். இரண்டு வாரம் நிம்மதி, பிறகு பழையபடி. இப்போது இன்னொருவர் ஆல்டர்னேட்டரையே, அதாவது இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரித்து பேட்டரியை நிரப்பும் கருவியையே, மாற்ற வேண்டும் என்கிறார். இதற்கு நடுவில், பதினைந்து நாளாகத் தெருவில் மெதுவாகப் போகும்போது மெல்லிய கிரீச் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது, பிரேக்கில் கால் வைத்தால் அது நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் குடும்பத்தோடு தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிறீர்கள். நீங்கள் எழுதியது "ஆல்டர்னேட்டர் மாற்றலாமா?" என்று. உங்களுக்குத் தெரிய வேண்டியது, இந்த இரண்டு சத்தத்தில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு இப்போது பணத்தைக் கொட்டக் கூடாது என்பது.

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு 26 வருடம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதி நாள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சத்தம் கேட்பதிலேயே போயிருக்கிறது. ஆனாலும் உங்கள் காரை நான் கேட்கவில்லை, நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். போனில் பதிவு செய்து அனுப்பினாலும் பெரிதாக உதவாது. போன் மைக் தனக்குப் பிடித்த சத்தத்தை வைத்துக்கொண்டு மீதியை வடிகட்டிவிடும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் அதில் தெரியாது. நல்ல வேளையாக, நீங்கள் சத்தம் எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், எப்போது வருகிறது, எப்போது போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் "எப்படி" என்பதைவிட "எப்போது" என்பதுதான் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். ஒருவர் கீச் என்பதை இன்னொருவர் விசில் என்பார், மூன்றாமவர் குருவி கத்துகிற மாதிரி என்பார். பிரேக் மிதித்தால் நிற்கிறது என்று மூவர் சொன்னாலும் அது ஒரே விஷயம்தான்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: இவை இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு சத்தங்கள். காலைச் சத்தம் கார் நிற்கும்போதே வருகிறது, ஆகவே இன்ஜின் சுற்றுவதால் வருவது. தெருச் சத்தம் கார் உருளும்போது மட்டும் வருகிறது, ஆகவே சக்கரத்தோடு சேர்ந்தது. பழைய காரில் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவது சகஜம்.

காலைச் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் இன்னும் ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறோம். இந்தக் கார்களில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடத் தொடங்கி ரொம்ப நாள் ஆகிவிட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த பெல்ட் இன்ஜினின் சுழற்சியை எடுத்து ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது, பல கார்களில் வாட்டர் பம்பையும் சேர்த்து. ரப்பர், பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரமான புல்லியை இறுக்கிப் பிடிக்க முடியாமல் வழுக்கும்போது, வழுக்கிப் பிடித்து, பிடித்து வழுக்கி, மிக வேகமாக அதிர்கிறது. அந்த அதிர்வுதான் கீச். காலையில் ஏன்? ராத்திரி குளிரில் ரப்பர் விறைத்திருக்கும், பனியோ மழை ஈரமோ புல்லியில் படிந்திருக்கும். அதோடு இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஸ்டார்ட்டர் மோட்டார் அப்போதுதான் பேட்டரியிலிருந்து ஒரு பெரிய வாய் கரண்டை இழுத்திருக்கும். அதைத் திருப்பி நிரப்ப ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் வேலை செய்யும், அப்போது அதைச் சுற்றுவது கனமாக இருக்கும். அரை நிமிடத்தில் பேட்டரி கொஞ்சம் தேறிவிடும், பெல்ட்டும் சூடாகிவிடும், சத்தம் அடங்கும். உங்கள் பேட்டரிக்கு நாலைந்து வயது ஆகியிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். பெல்ட் சரியாக இருந்தும், பலவீனமான பேட்டரியால் காலையில் கத்துகிற கார்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏசி போட்டால் சத்தம் வருகிறது என்பதை வைத்து ஏசி பெல்ட்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏசி போட்டவுடன் கம்ப்ரஸர் பிடிக்கிறது, கூடவே முன்னால் இருக்கும் மின்விசிறியும் ஓடுகிறது. ஆக ஏசி பெல்ட்டுக்கும் சுமை, ஆல்டர்னேட்டர் பெல்ட்டுக்கும் சுமை. இரண்டையும் பிரிக்க எளிய வழி இருக்கிறது. காலையில் சத்தம் அடங்கியதும் ஏசியை நிறுத்தியே வைத்துவிட்டு, ஹெட்லைட்டை ஹைபீமில் போடுங்கள், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள், பின் கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதையும் போடுங்கள். சத்தம் வந்தால் ஆல்டர்னேட்டர் பெல்ட். வராமல், ஏசி பட்டனைத் தட்டினால் மட்டும் வந்தால், பெரும்பாலும் கம்ப்ரஸர் பெல்ட். இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் வயதுடைய சின்னக் கார்கள் பலவற்றில் இரண்டு மூன்று தனித்தனி பெல்ட்கள் இருக்கும். அன்றைக்கு மெக்கானிக் மாற்றியது எந்த பெல்ட் என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றை மாற்றிவிட்டு, கத்துவது மற்றது என்றால் கதை அங்கேயே முடிந்தது.

சரி, மாற்றியது சரியான பெல்ட்தான் என்று வைத்துக்கொள்வோம். புது பெல்ட் இரண்டு வாரத்தில் ஏன் மறுபடி கத்த வேண்டும்? இங்கே நிச்சயம் குறைந்து ஊகம் ஆரம்பிக்கிறது. எனக்கு எது அதிகம் சாத்தியம் என்று தோன்றுகிறதோ அந்த வரிசையில் சொல்கிறேன். புது பெல்ட் போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அது புல்லியில் படிந்து கொஞ்சம் தளரும். மறுபடி இறுக்க வேண்டும். தானாக இறுக்கிக்கொள்ளும் டென்ஷனர் இல்லாத, ஆல்டர்னேட்டரை நெம்பி போல்ட் இறுக்குகிற வகைக் கார் என்றால் இது கட்டாயம். "ஒரு வாரம் கழித்துக் கொண்டு வாங்க" என்று மெக்கானிக் சொல்லியிருப்பார். நாம் போக மாட்டோம். சத்தம் இல்லையே, எதற்குப் போவானேன்?

அடுத்த சந்தேகம் எண்ணெய். டேப்பட் கவர் எனும் இன்ஜின் மேல்மூடியின் ரப்பர் பேக்கிங் வயதாகி இறுகிப்போனால் இன்ஜின் ஓரமாக ஆயில் கசிந்து பெல்ட்டில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு படும். வாட்டர் பம்ப் சீல் வழியே கூலன்ட் கசிந்தாலும் அதே கதிதான். எண்ணெய் குடித்த பெல்ட்டைத் துடைத்துக் காப்பாற்ற முடியாது, கசிவை நிறுத்தாமல் புது பெல்ட் போட்டும் பயனில்லை. மூன்றாவது, புல்லி தேய்ந்திருக்கலாம். V எழுத்து மாதிரி அடியில் குறுகும் வி பெல்ட் தன் இரண்டு பக்கவாட்டால்தான் பிடிக்கிறது, அடிப்பாகத்தால் அல்ல. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் புல்லிப் பள்ளத்தின் அடி மங்கலாக இருக்க வேண்டும். அது கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் பெல்ட் அடியில் போய் உட்கார்ந்து வழுக்குகிறது என்று அர்த்தம். புல்லி தேய்ந்திருக்கும், இல்லையென்றால் சற்று அகலம் குறைந்த பெல்ட்டை மாட்டியிருப்பார்கள். நான்காவதாகத்தான் ஆல்டர்னேட்டர் பேரிங், அதாவது அதன் அச்சைத் தாங்கி லேசாகச் சுழலவிடும் பாகம், வருகிறது. அது இறுகிக்கொண்டு வந்தால் பெல்ட் வழுக்கலாம். நடக்காததல்ல. ஆனால் பேரிங் போனால் பொதுவாக அரை நிமிடத்தில் அடங்குகிற கீச் வராது. அரிசி மில் மாதிரி ஒரு அரைக்கிற சத்தம், ரேஸ் செய்யச் செய்யக் கூடிக்கொண்டே போகும், சூடானாலும் அடங்காது.

இதை எல்லாம் வீட்டிலேயே ஓரளவு சோதித்துவிடலாம். முதலில் வேட்டி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்றிருந்தாலும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கும், விரல் ஜாக்கிரதை. சத்தம் வருகிற நேரத்தில் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, தள்ளி நின்றபடி பெல்ட்டின் உட்புறத்தில் கொஞ்சம் பீய்ச்சுங்கள். சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, இறுக்கம் போதவில்லை. கொஞ்ச நேரம் நின்று, ஈரம் காய்ந்ததும் மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். இந்தக் கோணல் சத்தம் பெரும்பாலும் நீண்ட கீச்சாக இருக்காது, சுவர்க்கோழி மாதிரி விட்டு விட்டு வரும். தண்ணீர் எந்த மாற்றமும் செய்யவில்லை என்றால் பேரிங் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவே இருக்கிற நீளமான பகுதியைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். சின்னக் கார்களில் 10 மில்லிமீட்டர் வாக்கில் அமுங்குவது ஒரு பொதுக்கணக்கு. சரியான அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும், அதுதான் முடிவு. சத்தம் நிற்க வேண்டும் என்று கம்பி மாதிரி இறுக்கச் சொல்லாதீர்கள். அப்படி இறுக்கினால் கீச் நிற்கும், ஆறு மாதத்தில் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்பும் நிஜமாகவே போகும்.

கடைசிச் சோதனை மெக்கானிக் உதவியோடு செய்ய வேண்டியது. இன்ஜின் ஆறியிருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பேட்டரி விளக்கு எரியும், அது இருக்கட்டும். சத்தம் இல்லையென்றால் குற்றவாளி அந்த பெல்ட் சுற்றும் பொருட்களுக்குள்தான் இருக்கிறான். நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழவழவென்று சுற்றும். போன பேரிங்கில் மணல் கடிபடுகிற மாதிரி விரலுக்கே தெரியும். புல்லியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது.

பெல்ட்டைக் கழற்றிப் பார் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று காரணம். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். கரகரவென்று தெளிவாகக் கேட்டது. ரொம்ப நம்பிக்கையாக ஆல்டர்னேட்டரைக் கழற்றி, பேரிங் மாற்றி, மாட்டி ஸ்டார்ட் செய்தால் அதே கரகர. போனது வாட்டர் பம்ப் பேரிங். சத்தம் இரும்பு வழியே பயணம் செய்து பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறது. வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, பில்லை மட்டும் இரண்டு தடவை படித்தார். ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்பது நல்ல முறைதான். ஒரு இடத்தில் மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்தது என் தப்பு.

ஆல்டர்னேட்டர் மாற்றலாமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் வாக்கில் காட்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வந்து, ஹெட்லைட், ப்ளோயர் போட்டாலும் பெரிதாக இறங்காமல் நின்றால், ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அதோடு கையால் சுற்றும்போது பேரிங்கும் சுத்தமாக இருந்தால், மாற்ற எந்தக் காரணமும் இல்லை. பேரிங் மட்டும் போயிருந்தாலும் முழு ஆல்டர்னேட்டரை மாற்றத் தேவையில்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் பேரிங்கை மட்டும் மாற்றித் தருவார்கள், செலவு முழு ஆல்டர்னேட்டரோடு ஒப்பிடக்கூட முடியாத அளவுக்குக் குறைவு. இந்த இரண்டு சோதனையும் செய்யாமல் மாற்று என்று ஒருவர் சொன்னால், அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவசரத்தில் இருக்கிறார்.

இன்னொன்று, சத்தம் நிற்கட்டும் என்று பெல்ட்டில் சோப்பு தேய்ப்பது, மெழுகுவர்த்தி தேய்ப்பது, துரு நீக்கும் ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் செய்யாதீர்கள். செய்தால் ஒரு நாள் நிற்கும். பிறகு ரப்பர் ஊறிப்போய் இன்னும் வழுக்கும், சத்தம் தந்துகொண்டிருந்த துப்பும் போய்விடும்.

இப்போது இரண்டாவது சத்தம். நீங்கள் இதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் வரி. மெதுவாக உருளும்போது மெல்லிய கிரீச், பிரேக் தொட்டால் நிற்கிறது என்றால் பத்தில் எட்டு தடவை அது முன் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்துவிட்டதைச் சொல்லும் சத்தம். பல பேட்களில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேட்டில் தேய்கிற பகுதியான லைனிங் இரண்டு மூன்று மில்லிமீட்டராகக் குறைந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கை உரசிக் கத்தும். கத்துவதற்கென்றே வைத்தது அது. பிரேக் மிதிக்கும்போது பேட் அழுந்திவிடுவதால் தகட்டின் அதிர்வு நின்றுவிடுகிறது. "பிரேக் பிடித்தால் சத்தம் இல்லை, அதனால் பிரேக் நன்றாக இருக்கிறது" என்று நேர்மாறாகப் புரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். கடையில் வாங்கிப் போடும் எல்லா பேட்டிலும் இந்தத் தகடு இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அது இல்லாத பேட் தேய்ந்து முடிந்தால் முன்னெச்சரிக்கை எதுவும் கிடையாது, நேராக இரும்போடு இரும்பு உரசும் கறகற சத்தம்தான்.

சக்கரத்தின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்து "இன்னும் நிறைய இருக்கே" என்று திருப்திப்படாதீர்கள். வெளியே தெரிவது வெளிப்பக்க பேட் மட்டும். உள்பக்கத்து பேட் பெரும்பாலும் சீக்கிரம் தேயும், அதைச் சக்கரம் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்லக் குறைந்திருந்தால் அதுவும் பேட் தேய்ந்ததற்கு ஒரு அடையாளம். கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உடனே ஊற்றி நிரப்ப வேண்டாம். புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், அளவு தானாக ஏறும்.

மீதி இரண்டு தடவையில் என்ன இருக்கும்? பேட்களைத் தாங்கி அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி துருவேறி, பேட் விலகாமல் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே ஓடலாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் கோளாறு. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் கூழாங்கல் மாட்டியிருக்கலாம், அப்படியானால் சத்தம் திடீரென்று ஒரே நாளில் ஆரம்பித்திருக்கும். மழை பெய்த மறுநாள் காலை முதல் இரண்டு மூன்று பிரேக் வரை வரும் கரகர, டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். உங்களுடையது பதினைந்து நாளாக, மழையோடு சம்பந்தமில்லாமல் வருகிறது, அதனால் துருவை நான் கணக்கில் எடுக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றும்போது பிரேக் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

பழைய காரில் வேறு கீச்களும் உண்டு. உங்கள் விவரத்தோடு அவை பொருந்தவில்லை, இருந்தாலும் சுருக்கமாக. கிளட்ச் மிதித்தால் மட்டும் கத்தினால் கிளட்ச் பேரிங். கிளட்சை விட்டால் கத்தி, மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால் மட்டும் கத்தினால், பெல்ட்டில் ஓடும் பவர் ஸ்டியரிங் உள்ள காரில் அந்த பெல்ட் அல்லது பம்ப். மின்சார ஸ்டியரிங்கில் இந்தக் கேள்வியே இல்லை. இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பி ப்ளோயர் போட்டாலும் கத்தினால் ப்ளோயர் மோட்டார். ஐட்லிங்கில் மெல்லிய விசில் வந்து, ஆயில் மூடியைத் திறந்தால் சுருதி மாறினால், எங்கோ காற்று இழுக்கிறது. வேகத்தடையில் மட்டும் வந்தால் சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ். கேபிளில் ஓடும் ஸ்பீடாமீட்டர் உள்ள ரொம்பப் பழைய வண்டியில், டாஷ்போர்டுக்குள் கிச்கிச் என்று சத்தம் வந்து முள்ளும் கூடவே நடுங்கினால் கேபிள் காய்ந்திருக்கிறது.

ராமேஸ்வரம் பயணத்துக்கு என் யோசனை இதுதான். பிரேக்கைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். நாளைக்கே சக்கரம் கழற்றிப் பாருங்கள், பேட் தேய்ந்திருந்தால் முன் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. அதே ஒர்க்‌ஷாப்பிலேயே பெல்ட்டின் இறுக்கம், எண்ணெய்க் கசிவு, வோல்டேஜ் மூன்றையும் பார்க்கச் சொல்லலாம், கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். பெல்ட்டில் வெடிப்போ எண்ணெயோ இல்லாமல் இறுக்கம் மட்டும் குறைவு என்றால் இறுக்கிக்கொண்டு தாராளமாகப் போகலாம். ஆல்டர்னேட்டர் முடிவைத் திரும்பி வந்து எடுங்கள், பேரிங்கில் ஆட்டமோ அரைக்கிற சத்தமோ இருந்தால் மட்டும் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வழியில் பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே வெப்பமானி முள்ளும் ஏறத் தொடங்கினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு உடனே ஓரமாக நிறுத்துங்கள். வாட்டர் பம்ப் நின்ற இன்ஜினை இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் பேக்கிங் போய்விடும். மூன்று மாதம் முன்பு கழற்றிய பழைய பெல்ட்டை மெக்கானிக் உங்களிடம் கொடுத்திருந்தால், அறுந்த நிலையில் இல்லாவிட்டால், டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். ராமநாதபுரம் தாண்டி ராத்திரியில் கடை தேடுவதற்கு அது எவ்வளவோ மேல்.